டோக்கியின் நிறம்

ஜப்பானிய மொழியில் ‘டோக்கி இரோ’ என்று ஒரு நிறம் உண்டு. ‘இரோ’ என்றால் நிறம். ‘டோக்கி’ ஒரு பறவை, நம் ஊர் அரிவாள் மூக்கனுக்கு உறவுமுறை. உட்கார்ந்திருந்தால் வெள்ளைப் பறவைதான். சிறகை விரித்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்பு தெரியும்.

பறவை கூண்டுக்குள் போன பிறகும் நிறத்தின் பெயர் அகராதியில் பத்திரமாக இருந்தது.

மேல்நிலை ஜப்பானிய வகுப்பில் சுற்றுச்சூழல் பாடம் வந்தால், மாணவர்கள் முழிபிதுங்கிப் போவார்கள். ‘யாசெய் செட்சுமெட்சு’ என்றால், காட்டில் அறவே அற்றுப்போனது. ‘செட்சுமெட்சு கிகு’ என்றால், அற்றுப்போகும் ஆபத்தில் இருப்பது. மாற்றி எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும். அவ்வளவுதானே என்று தோன்றும். முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு வர டோக்கிக்கு 38 ஆண்டுகள் ஆயின!

அந்தக் கதை நடந்த இடம் சாடோ தீவு. நீகாட்டா துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரம். இரண்டு மலைத்தொடர்கள், நடுவே சமவெளி, கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல்.

1981-ல், வெளியே எஞ்சியிருந்த 5 டோக்கிகளையும் இங்கேதான் பிடித்தார்கள். கூண்டில் வைத்து இனம் பெருக்குவது திட்டம். பலிக்கவில்லை. ஜப்பானின் பூர்வீக டோக்கிகளில் கடைசிப் பறவையான ‘கின்’ 2003-ல் இறந்தது. நல்லவேளையாக, 1999-ல் சீனா ஒரு ஜோடியைப் பரிசளித்திருந்தது. அந்த ஆண்டே குஞ்சு பொரிந்தது. 2008 செப்டம்பர் 25 அன்று 10 பறவைகளைத் திறந்துவிட்டார்கள். 2019-ல் அரசின் பட்டியலில் டோக்கிக்கு எதிரே இருந்த சொல் மாறியது. இன்று தீவில் 500-க்கும் மேல் பறக்கின்றன.

திறந்துவிடுவது சுலபம். சாப்பாடு? அதற்கு விவசாயிகள் மனம் வைக்க வேண்டியிருந்தது. நட்ட நாற்றை மிதிக்கிறது என்று அவர்களின் தாத்தாக்கள் விரட்டிய பறவை இது! அது தின்பதோ தவளையும், நம் அயிரையைப் போன்ற ‘டோஜோ’ மீனும். பூச்சிமருந்து வந்ததும் வயலில் இரண்டும் குறைந்துபோயின.

எனவே மருந்தையும் ரசாயன உரத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். களை பறிக்கும் வேலை கூடியது. பயிருக்கு நடுவில் வயலைக் காயவிடும் நாட்களில் மீனும் தவளையும் ஒதுங்க, வரப்போரம் ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதன் பெயர் ‘எ’. டோக்கியோவின் பழைய பெயரான ‘எடோ’வின் முதல் எழுத்தாகத்தான் மாணவர்களுக்கு அது பழக்கம். சாடோவில் அது மீன் உயிர் பிழைக்கும் பள்ளம். ஆண்டுக்கு இருமுறை விவசாயிகளே வயலில் இறங்கி உயிரினங்களை எண்ணுகிறார்கள். அந்த அரிசி டோக்கியின் பெயரோடு விற்பனையாகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. காரை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் கூடாது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் டோக்கி வனப் பூங்காவில் கூண்டுப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. குஞ்சு பொரிக்கும் காலத்தில் டோக்கி தன் கழுத்தில் சுரக்கும் கருமையை உடம்பில் பூசிக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். பளிச்சென்ற வெள்ளையையும் சிவப்பையும் பார்க்க, அறுவடை முடிந்த இலையுதிர் காலமே தோது. அப்போதுதான் அவை கூட்டமாக வயலில் இறங்கும்.