லூர்து மேரி பாடின அம்மன் பாட்டு

ஆடி பொறந்துட்டா எங்க முத்தியால்பேட்டைல அலாரமே தேவையில்லீங்க. காலைல அஞ்சு மணிக்குத் தெருமுனை குழாய் ஸ்பீக்கர் எழுப்பி விட்டுடும். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் (பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர்) முடியிற வரைக்கும் எல்.ஆர்.ஈஸ்வரி ராஜ்ஜியம்தான்.

அந்தம்மாவோட நிஜப்பேரு லூர்து மேரி ராஜேஸ்வரி. முதல்ல கேள்விப்பட்டப்ப நம்பவே இல்ல. அப்புறம் யோசிச்சா, நம்ம வில்லியனூர்ல லூர்து மாதாவும் திருக்காமீஸ்வரரும் ஒரே ஊர்ல இருக்கலையா என்ன! :-)

அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவுல கோரஸ் பாடினவங்க. அம்மா கூடவே போய் நின்னு, 1954ல 'மனோகரா'வுல ஜிக்கி பாட்டுக்குக் கோரஸ் பாடினதுதான் ஆரம்பம். 1958ல கே.வி.மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்துல தனிப்பாட்டு கொடுத்தார். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி இருந்ததால பேரு ஈஸ்வரின்னு சுருங்கிடுச்சு. ஆனா ஊர் திரும்பிப் பார்த்தது 1961ல, 'பாசமலர்' கல்யாணப் பாட்டுலதான். கவனிச்சுக் கேளுங்க, அதுல இவங்க முன்னாடி பாட, பின்னாடி ஒரு கோரஸ் பாடும். ஏழு வருஷம் முன்னாடி இவங்க நின்ன இடம் அது.

கோரஸ்னா லேசுப்பட்ட வேலை இல்ல. உன் குரல் தனியாக் கேட்டா அது தப்பு. தனிப்பாட்டுல தனியாக் கேக்கலைன்னா தப்பு. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தாண்டினவங்க ரொம்பக் கம்மி.

எங்க சித்தி தாண்டலை.

எண்பதுகள்ல பாண்டியில ஒரு மெல்லிசைக் குழுவுல சித்தி கோரஸ். கச்சேரிக்கு முப்பது ரூபா. ஒரு நாள் மெயின் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மாஸ்டர் சித்தியை முன்னாடி தள்ளி 'பணமா பாசமா' இலந்தைப்பழப் பாட்டைப் பாடச் சொல்லிட்டார். விசில் பறந்துச்சு. ஒன்ஸ்மோர் வேற. கூட்டத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒருத்தர் இருந்தது யாருக்குத் தெரியும்? "பொண்ணு ஈஸ்வரி பாட்டு பாடுதாமே"ன்னு மறுநாளே சேதி வந்துச்சு. தாத்தா அன்னியோட மேடையை நிறுத்திட்டார்.

இதுல கொடுமை என்னன்னா, தாத்தா வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போடறது ஈஸ்வரி கேசட்தான்! கதாநாயகிக்கு சுசீலா, கிளப் டான்ஸுக்கு ஈஸ்வரின்னு சினிமா ஒரு கோடு கிழிச்சு வச்சிருந்துச்சு. 1969ல 'சிவந்த மண்'ல சவுக்கடிக்கு நடுவுல பாடறதுக்கும் அந்தக் குரல்தான் வேணும், சாமிக்கும் அதே குரல்தான் வேணும். நம்ம வீட்டுப் பொண்ணு மட்டும் அப்படிப் பாடக்கூடாது. என்னத்த சொல்ல!

ஈஸ்வரி 2011ல, எழுபது வயசு தாண்டி, 'ஒஸ்தி'யில டி.ராஜேந்தரோட சேர்ந்து பாடிக் கலக்கினாங்க. அந்தப் பாட்டு டீவியில வந்தப்பல்லாம் சித்தி சவுண்டைக் கூட்டி வச்சுக் கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலை.

போன ஆடியில தெருவுல கூழ் ஊத்தினோம். அண்டாவைக் கிளறிக்கிட்டே சித்தி ஸ்பீக்கரோட சேர்ந்து பாடினாங்க. ஈஸ்வரி பாடறப்ப வாயே திறக்கலை. பின்னாடி குழு பாடற இடம் வந்தா மட்டும் சரியாப் பிடிச்சுக்கிறாங்க.

"ஏன் சித்தி, முழுசாப் பாடறது?"ன்னேன்.

"அது அவங்க பாகம்டா. நீ அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளு."