ஈ கற்பித்த பாடம்

ஹட்டனில் மழை விடாது பெய்த ஒரு ஞாயிறு. எமது சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்த்தன. விரட்டக் கை ஓங்கினோம். உயர்தரத்தில் உயிரியல் பயிலும் தம்பி மகன் தடுத்தான்.

"பெரியப்பா, விஞ்ஞானிகளுக்கே பாடம் சொன்ன ஈ இது!"

அவன் விளக்கினான். பழ ஈயின் உடலில் நுண்மயிர்கள் உண்டு. மயிர் மிகுந்த ஈக்களையே தலைமுறைதோறும் பெருக்கினால் மயிர்த்தொகை ஏறும். நடுத்தரமானவற்றையே பொறுக்கினால் ஈக்களுக்கிடையே வேற்றுமை குறுகும். நடுவை நீக்கி இரு கோடியையும் வைத்துக்கொண்டால் கூட்டம் இரண்டாகப் பிரியவும் கூடும். தோடே, கிப்சன் இருவரும் 1962 இல் அவ்வாறு கண்டனர். பிறர் செய்தபோது அப்படி அமையவில்லை.

"வேண்டிய குணத்தையே பொறுக்கிக்கொண்டு போனால் நன்மைதானே?" என்றோம்.

"அங்கேதான் சிக்கல்" என்றான். மாதரும் ஹரிசனும் 1949 இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 36 ஆக இருந்த மயிர்கள் 20 தலைமுறைகளில் 56 ஆயின. ஆனால் ஈக்கள் மலடாகின. தெரிவை நிறுத்தியதும் மயிர்கள் குறைந்தன. பின்னர் மீண்டும் தெரிந்தெடுத்தபோது மயிர்கள் பெருகின, மலட்டுத்தன்மை தொடரவில்லை. விரும்பிய மரபணுவோடு விரும்பாததும் ஒட்டி வந்ததே முதற்கேட்டுக்குக் காரணமாம்.

கொழுந்து பறித்தே மூப்படைந்த எம் அன்னையார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "தேயிலையும் அப்படித்தானப்பா. விதைத் தேயிலை செடிக்குச் செடி ஒரு குணம். வீ.பி. தேயிலை எல்லாம் ஒரே அச்சு. கொழுந்தை அள்ளித் தரும். ஆனால் கடும் வெயிலில் எது வாடியது, எது நின்றது என்று எனக்குத் தெரியும்."

உண்மையே. வீ.பி. என்பது ஒரு தாய்ச்செடியின் ஓரிலைத் துண்டிலிருந்து வளர்க்கும் நகல். விதைச்செடிக்குரிய ஆணிவேர் அதற்கில்லை. எமது லயத்துக்கு மேலிருந்த பழைய மலையைப் பிடுங்கி வீ.பி. நட்டபோது நாம் மகிழ்ந்தோம். கொழுந்தின் நிறையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, அதில் தவறில்லை. ஆனால் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல தாய்ச்செடிகளைத் தேடியதும் வேற்றுமை நிறைந்த விதைத் தேயிலையில்தானே? பொறுக்குவதற்குப் பலவகை இருந்தாலன்றோ பொறுக்க முடியும்!

எம் வேலியோரம் பழைய விதைத் தேயிலை ஒன்று மரமாய் ஓங்கி நிற்கிறது. நிழல் விழுகிறதென்று அதை வெட்ட எண்ணியிருந்தோம், அன்னையார்தாம் விடவில்லை. அன்று மாலை மழை ஓய்ந்ததும் தம்பி மகன் அதன் கீழ் விதை பொறுக்கினான்.

கத்தியைக் கொட்டகையில் வைத்துவிட்டு நாமும் அவனோடு குனிந்தோம்.