உப்பளத்து ஃபேஷன்!

ஈ.சி.ஆர்ல பாண்டிச்சேரி போற மக்களே, மரக்காணம் வந்ததும் செல்போனைக் கொஞ்சம் கீழே வைங்க. கட்டம் கட்டமா உப்பளம்!

2020 கொரோனாவுல டிரெஸ்ஸுக்கு மேட்ச்சா மாஸ்க் தேடினோமே... இங்கே முகத்தை மூடுறது ரொம்பப் பழைய ஸ்டைல். புடவை மேல ஆம்பிளைச் சட்டை, தலையோடு முகத்தையும் சுத்தின துண்டு. எல்லாம் உப்புல பட்டுத் தெறிக்கிற வெயிலுக்குத்தான்.

அந்த வருஷம் மார்ச் 25ல் நாடே லாக்டவுன். உப்பு விளையற சீசனும் அதேதான். நவம்பர் 14 தீபாவளிக்குள்ள ஜவுளிக்கடைகள் திறந்தாச்சு. ஆனா, மழைக்காலத்துல உப்பளத்தில் வேலை ஏது, கூலி ஏது? கொரோனா இல்லாத வருஷமும் இதே கதைதான். 2022லதான் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை அரசு தர ஆரம்பிச்சது.

நாம துணி எடுக்கிற சீசன்லதான் அவங்க கையில காசு இருக்காது பாஸ்!