வேதாரணியத்து மணல் வரிகள்

சோழநாட்டின் வளம் வண்டலில் இருக்கிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. அந்த வண்டலைக் கடலினின்றும் காத்து நிற்பது மணல் என்பதைக் காண வேண்டுமானால், நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே வேதாரணியம் வரையில் ஒரு முறை பிரயாணம் செய்ய வேண்டும்.

இங்கே கிராமங்களும் தென்னந்தோப்புகளும் சற்றே உயர்ந்த மணல் மேடுகளின் மீது அமைந்திருக்கின்றன. மேட்டினின்று இறங்கினால் தாழ்ந்த களிநிலம். பிறகு மறுபடியும் மேடு. இப்படிக் கரைக்கு இணையாக வரிவரியாய்ப் பல மேடுகள் உள்நாட்டிலும் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரை! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்குவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனிப்பாறைகள் உருகிக் கடல் ஏறி, 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அதன் பின்னரே காவேரி தன் மணலைக் கொண்டு கடலைப் பின்னே தள்ளத் தொடங்கினாள். பூகோள வகுப்பில் முக்கோணம் ஒன்று போட்டால் டெல்டா முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இந்த மேடுகள் நல்ல பாடம்.

மணலைக் கொணர்வது ஆறு. ஆனால் அதை எப்படிக் கிடத்துவது என்று தீர்மானிப்பது கடல். சோழமண்டலக் கரையில் ஓதம் மிகச் சிறிது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே இங்கே அலையே அதிகாரி. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கேயும், வாடைக் காலத்தில் தெற்கேயுமாக மணலை இழுத்துச் சென்று, கரையை ஒட்டி நீளவாக்கில் மேடு போடுகிறது. காற்று அதன்மேல் குன்று எழுப்புகிறது. வங்காளத்திலோ ஓதம் பல மீட்டர் உயர்ந்து நாளைக்கு இருமுறை கழிகளுக்குள் புகுந்து திரும்புகிறது. அந்த வேகத்தில் மணல் திட்டுகள் நீரோட்டத்தின் போக்கிலேயே, கடலை நோக்கி நீண்டு படுக்கின்றன.

ஓதம் தன் கையெழுத்தையும் விட்டுச் செல்கிறது. நீர் ஓடும்போது மணல் படியும். ஏற்றமும் வற்றமும் மாறும் அந்தச் சற்று நேர அமைதியில் மெல்லிய சேற்றுப்படலம் மூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அடுக்குகள் தடிக்கும், இடைநாட்களில் மெலியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிவிட்ட டெல்டாக்களின் மணற்பாறையிலும் இவ்வரிகளைக் கண்டு, அங்கே ஓதம் ஆடியதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லிவிடுகிறார்கள். ஆள் இல்லாத காலத்துப் பஞ்சாங்கம் என்றே இதைச் சொல்லலாம்.

சிறிய ஓதமானாலும் வேதாரணியத்தில் அதற்கும் வேலை உண்டு. மணல் மேட்டுக்குப் பின்னுள்ள சதுப்பில் கடல் நீர் பரவி வெயிலில் வற்ற, உப்பு பூக்கிறது. 1930-ஆம் ஆண்டு ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்தது இந்த உப்புக்காகத்தான்.

ஆனால் மணல் வரவு இப்போது பழையபடி இல்லை. 1934-இல் முடிந்த மேட்டூர் அணை பயிருக்கு நீர் தருகிறது. மணலையோ தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. தப்பி வந்ததை லாரிகள் அள்ளிச் செல்கின்றன. கடல் தன் பங்கை மட்டும் விடுவதாயில்லை. தரங்கம்பாடியில் 1306-இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் பெரும்பகுதி அலைக்கு இரையாகிவிட்டது.

மேடுகளையும் மண்ணுக்காக வெட்டுவது இதனினும் கொடிது. மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய் போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி வரையில் உப்புநீரை அழுத்தி வைக்கும் என்பது கணக்கு. மேட்டைக் கரைத்து அந்த நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கிணற்றின் அடியில் உப்பு 40 அடி ஏறிவரும்.