கூண்டு கட்டிய வண்டி

என் அக்காள் மகனுக்கு ஓர் ஆசை. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் மடக்கு வீடு ஒன்று வாங்க வேண்டுமாம். ஓடும்போது அது தாழ்வான பெட்டி. நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும், இரு பக்கமும் கட்டில் நீளும், சுற்றிலும் கித்தான் சுவர். அமெரிக்காவில் 1968-ல் ஜேகோ கம்பெனியைத் தொடங்கிய லாயிட் பான்ட்ரேகர் இந்தக் கூரை தூக்கும் பொறியால்தான் பெயர் வாங்கினார். இந்தியானா மாநிலத்தில், தன் பண்ணைக் கோழிக் கொட்டகையில் ஆரம்பித்த தொழில். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இன்றும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். ஊருக்கெல்லாம் இதைச் செய்து கொடுத்துவிட்டுத் தாங்கள் குதிரை வண்டியில் போகிறவர்கள். எனக்கு அவர்களைத்தான் பிடித்தது.

“நீங்க என்ன மாமா சொல்றீங்க?” என்றான்.

எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் தேட வேண்டும். கடல் காற்று இரும்பைத் தின்னும். ஐப்பசி மழையில் மடித்து வைத்த கித்தானில் பூசணம் பூக்கும். இஞ்சினே இல்லாவிட்டாலும், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவைப் பெட்டியும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் தனிப் பதிவு வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவன் அசரவில்லை.

இந்தப் பக்கத்துக் குடியானவர்களிடம் இந்த மடக்கு வீடு முன்பே இருந்ததுதான். எரு அடிக்கும் கட்டை வண்டிதான். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் கிளம்பும்போது வண்டியைக் கழுவி, மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கூண்டு கட்டி, மேலே பாயைப் போர்த்துவார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம். அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடும், பக்கத்தில் வாளி. வழியில் மாட்டுக்குப் பசித்தால் மெத்தையிலிருந்தே உருவிப் போட வேண்டியதுதான். ஊர் திரும்பும்போது பாட்டிகள் ஏறக்குறைய வெறும் பலகையில் உட்கார்ந்து வருவார்கள். வந்ததும் கூண்டு பரணுக்கு, வண்டி எருவுக்கு. வருஷத்தில் சில நாள் வீடு, மற்ற நாளெல்லாம் உழைப்பு. இதைவிடக் கெட்டிக்காரச் சொத்து எனக்குத் தெரியாது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் டிராக்டர் பெட்டிகளில் நாலு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டுவதும் அதே புத்திதான். சரக்குப் பெட்டியில் ஆளேற்றக் கூடாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. சிதம்பரம் இங்கிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கிற மாட்டுக்கு அது ஒரு பகலில் முடியாது. வழியில் இரவு வந்துவிடும். சத்திரத்துக் கிணற்றடியில் அவிழ்த்துப் போட்டு, கல் கூட்டிச் சமைத்து, வண்டிக்குள் குழந்தைகளும் வண்டிக்கடியில் ஆண்களுமாகப் படுக்க வேண்டியிருந்தது. யாரும் ஆசைப்பட்டுப் படுக்கவில்லை. இவன் அந்த இரவை விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறான். அதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அவனிடம் காய்கறி லோடு அடிக்கிற குட்டியானை ஒன்று இருக்கிறது. அதற்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கூண்டு செய்துகொள், நின்ற இடத்தில் படுக்கலாம் என்றேன். முகம் மலர்ந்தது. பிறகுதான் கணக்குப் போட்டான்: முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம், பின்னால் ஆளேற்றினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே அவன் லோடு வண்டியில் முன்னே போவதாகவும், அவன் மனைவி பிள்ளைகளோடு பஸ்ஸில் சிதம்பரம் வந்து அதில் படுப்பதாகவும் ஏற்பாடு.

“பஸ்ஸிலேயே ஒன்றரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாமே” என்றாள் அவள்.