பலகை

சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலோடு தொடர்பில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டு வண்டி டாடா 1210. 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன் என்பது அந்த எண்ணின் கணக்கு. தொழிலை விட்டபின் களத்து வேம்படியில் டயர் புதைய நின்றுகொண்டிருந்தது.

அதைக் கிளப்ப ஆசைப்பட்டவன் நான்தான். கூடவே முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் வைக்கவும் ஆசை. 1954-ல் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து டாடா ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியபோது வந்த சின்னம் அது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது; நட்சத்திரம் போய் ‘டி’ வந்தது. “நம்முளது எழுபத்தொண்ணு மாடல். அதுக்கெதுக்கு அடுத்தவன் அடையாளம்?” என்று அப்பா முடித்துவிட்டார். இன்றைக்கும் அதைப் பென்ஸ் வண்டி என்றுதான் சொல்கிறார், அது வேறு.

பானெட்டுக்குள் குளவிக்கூடு, எலி கடித்த ஒயர்கள். கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. இதெல்லாம் காசு கொடுத்தால் தீர்கிற வேலை. அப்பாவுக்குப் பயம் டீசல் பம்பில்தான்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்து வண்டியில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது. டீசலை வெட்ட வேண்டும். எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிப்பது பம்புக்குள் முன்னும் பின்னும் நகரும் ரேக் என்கிற கம்பி. நின்றுபோன வண்டியில் பழைய டீசல் பிசினாகி அதைப் பிடித்துக்கொள்ளும். முழுத் திறப்பில் மாட்டிக்கொண்டால், கிளப்பியதும் இன்ஜின் வெறிபிடித்து ஏறிக்கொண்டே போகும், கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாலும் வரும். கிளீனராக இருந்தபோது ஒரு பட்டறையில் அதைக் கண்ணால் பார்த்தவர் அப்பா. யாருடைய வண்டி என்று கேட்டால் பதில் வராது.

பம்பைச் சர்வீஸ் செய்து மாட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. “கெளப்பறதுக்கு முந்தி நிறுத்தறதுக்கு வழி பண்ணோணும் கண்ணு.” ஏர் ஃபில்டரைக் கழற்றினார். காற்று போகும் வாய்க்கு அளவாகப் பலகை அறுத்து, அடியில் சைக்கிள் டியூப்பை ஒட்டி என்னிடம் கொடுத்தார். காற்று இல்லையென்றால் டீசல் இருந்தும் எரியாது. கையால் மட்டும் மூடக் கூடாது, உறிஞ்சிக்கொள்ளும்.

ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்தோம், நுரை தீர்ந்து தெளிந்த டீசல் வரும்வரை. ஆறு நாசில் நட்டுகளையும் தளர்த்திவிட்டு, செல்ஃப் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. நான் பலகையோடு மட்கார்டு மேல். அப்பா உடனே ஆளை விட்டு ஸ்டாப்பை இழுக்கச் சொன்னார். நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நிறுத்தினார். ஓடுமா என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை போலும்.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். ஜமீன்தார் ஓட்டிய கார் அதில் வரும். சிமெண்டு சுமந்த லாரி வராது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. அப்பாவுக்கு இல்லை. லோடு ஏற்றாத லாரிக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்கிறார்.

ஆகவே எங்கள் காட்டுக்குள்ளேயே ஓட்டுகிறோம். காலி வண்டி குதிப்பது அவருக்குச் சகிக்கவில்லை. குப்பைக்குழியில் எரு கிடக்கிறது, ஆளைக் கூப்பிட்டு ஏற்று என்று தினமும் சொல்கிறார். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.