பூவிருந்தவல்லியில் ஒரு பழைய ஜீப்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, மதுரவாயலைத் தாண்டியதும் சாவடிப் பெயர்களைச் சொல்லத் தொடங்குகிறது. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என வரும் இப்பெயர்கள், வழிப்போக்கர் கட்டுச்சோற்றை அவிழ்த்து இளைப்பாறிய காலத்தை நினைவூட்டுவன. இன்று அங்கே இளைப்பாறுவார் எவருமிலர். குமணன்சாவடியிலிருந்து மெட்ரோ இரயிலின் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் இருமருங்கிலும் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஊர்ந்து செல்கின்றன.

பூவிருந்தவல்லி என்பதை மக்கள் பூந்தமல்லி என்றே வழங்குவர். வைணவப் பெருமக்கள் போற்றும் திருக்கச்சி நம்பி பிறந்த தலம் இது. ஆங்கிலேயர் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்களைத் தங்கவைத்த படைமுகாமும் இங்கே இருந்தது. நம் குடும்பங்களுக்கோ திரு இருதயக் குருமடம் உள்ள ஊர் என்பதே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் இம்முறை நாம் சென்றது இவற்றுள் எதனையும் காண்பதற்கன்று. பழைய ஜீப் ஒன்றுக்கு ஸ்டியரிங் உறுப்புகள் மாற்றுவதைக் காணவே சென்றோம்.

இதற்கெல்லாம் பூந்தமல்லிதானா இடம் என்று வாசகர் கேட்கலாம். ஊரைச் சுற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். வடக்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஆவடி. இரண்டாம் உலகப்போரின்போது பெரும் படைத்தளமாக விளங்கிய அவ்வூரில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பாடியில் சக்கரம், பிரேக், மின்கருவி எனத் தனித்தனித் தொழிற்சாலைகள் எழுந்தன. தெற்கே வேளச்சேரியில் ரானே நிறுவனம் ஸ்டியரிங் உறுப்புகள் செய்து பெயர் பெற்றது. இவற்றுக்கு நடுவே, பெங்களூர்ப் பெருவழியின் வாயிலில் அமர்ந்துள்ள ஊரில் வண்டி பழுது பார்க்கும் கைகள் பெருகியதில் வியப்பில்லை. படைப்பிரிவுகள் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, பிரித்து, மீண்டும் கூட்டி ஓட்டிய தலைமுறையிடம் தொழில் கற்றவர்கள் இன்னும் இப்பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஜீப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை போருக்கெனச் செய்து குவித்தவை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவை. போர் ஓய்ந்தபின் 1947-இல் மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இவ்வண்டிகளைக் கூட்டத் தொடங்கினர். பின்னர் முன்மூடி உயர்ந்த சி.ஜே. 3பி என்னும் வகை நம் நாட்டின் காடு மேடெல்லாம் ஓடியது. மலைப்பங்குகளில் வாழ்ந்த மூத்த வாசகர்கள், செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பங்குத்தந்தையின் ஜீப் வந்து நின்ற காட்சியை மறந்திரார்.

நாம் கண்ட வண்டியும் அவ்வகையதே, 1967-இல் பதிவானது. அம்பத்தூரில் வசிக்கும் அன்பர் ஒருவரின் தந்தையார் ஜவ்வாது மலைப்பக்கத்தில் பணியாற்றிய நாளில் ஓட்டியது. தந்தையார் மறைந்தபின் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்றது. எண்பது வயதைத் தாண்டிய தாயார், அதே வண்டியில் ஒருமுறை மலைக்குப் போய்வர வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மகன் என்ஜினைச் சீராக்கினார், பிரேக்கைப் புதுப்பித்தார். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கின. கைச்சக்கரத்தையோ ஒரு சாண் திருப்பினாலும் வண்டி திரும்புவதாகத் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இந்த ஒரு சாண் என்ன செய்யும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பட்டறைக்காரரை ஊரார் யாவரும் ‘பாய்’ என்றே அழைக்கின்றனர். அறுபதைக் கடந்தவர். அன்பர் ஒரு பை நிறையப் புதிய உறுப்புகளுடன் வந்திருந்தார்.

“பாய், எல்லாம் புதுசாகவே வாங்கிவிட்டேன். மாட்டவேண்டியதுதான் பாக்கி” என்றார்.

“மாட்டலாம் தம்பி. எது ஆடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்” என்றார் பாய்.

அவர் பார்த்த முறையைச் சொல்லவேண்டும். பையன் ஒருவனை வண்டியில் ஏற்றிக் கைச்சக்கரத்தை இடமும் வலமும் சிறிதளவே அசைக்கச் சொன்னார். தாம் சாக்கை விரித்து வண்டியடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டின்மேலும் விரல்களை வைத்துக்கொண்டே போனார். ஒரு தண்டு அசைந்து அடுத்தது அசையாமல் நின்றால், அவ்விரண்டுக்கும் நடுவேதான் தேய்வு. கண்ணுக்குப் புலப்படாத ஆட்டமும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஜீப்பின் ஸ்டியரிங் அமைப்பு இன்றைய கார்களில் உள்ளது போன்றதன்று. கைச்சக்கரத்தின் தண்டு கீழே ஒரு பெட்டிக்குள் இறங்குகிறது. அதனுள் திருகு போன்ற ‘கேம்’ ஒன்று சுழன்று, இரு முளைகள் கொண்ட நெம்புகோலை நகர்த்துகிறது. அந்த நெம்புகோல் வெளியே உள்ள பிட்மேன் ஆர்ம் என்னும் கையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அதிலிருந்து டிராக் லிங்க் என்னும் தண்டு முன்னே சென்று, வண்டியின் நடுவில் உள்ள பெல் கிராங்க்கைப் பிடித்துத் திருப்புகிறது. பெல் கிராங்க்கிலிருந்து இருபுறமும் டை ராடுகள் பிரிந்து சக்கரங்களுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்ந்தாலும் போதும். அத்தனையும் கூடி ஓட்டுபவர் கையில் ஒரு சாணாகிவிடும்.

அரைமணி நேரத்தில் பாய் வெளியே வந்தார். பழைய டை ராட் முனைகளில் இரண்டு மட்டுமே தேய்ந்திருந்தன. பெருங்குற்றம் பெல் கிராங்க்கில் இருந்தது; அதன் புஷ் முட்டை வடிவாகத் தேய்ந்து, அச்சாணி உள்ளே தாளம் போட்டது. இடப்பக்கச் சக்கரத்தைத் திருப்பும் கிங் பின்னும் தளர்ந்திருந்தது. அன்பர் வாங்கிவந்த பையில் இவ்விரண்டுக்கும் உரிய சாமான் எதுவுமில்லை! நான்கு முனைகளையும் மாட்டிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு அனுப்பியிருந்தால், வண்டி முன்போலவே உதறிக்கொண்டு வீடு திரும்பியிருக்கும்.

அடுத்து நிகழ்ந்ததுதான் நமக்கு மிக முக்கியமாகப் பட்டது. டை ராட் முனையின் கழுத்து, மேலே குறுகிக் கீழே பருத்துக் கூம்பாகச் சரிந்திருக்கும். சக்கரத்தின் கையில் உள்ள துளையும் அதே சரிவில் கடையப்பட்டது. இரண்டும் முழுதும் தழுவி இறுகுவதால்தான் மூட்டு அசையாமல் நிற்கிறது. நட்டின் வேலை அந்தப் பிடியை விடாமல் காப்பது. பாய் புதிய முனையின் கழுத்தில் நீல மையை மெல்லியதாகப் பூசித் துளையில் நுழைத்து, ஒரு திருப்புத் திருப்பி வெளியே எடுத்தார். சரியான சாமானாயின் மை கழுத்து முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். அன்பர் கொணர்ந்தவற்றில் ஒன்றில் மேல்விளிம்பில் மட்டும் ஒரு வளையம் தெரிந்தது. கீழ்ப்பகுதி துளையைத் தொடவேயில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு வண்டிக்குரிய சரிவு.

இத்தகைய இடத்தில் வாஷர் இரண்டைப் போட்டு நட்டை முறுக்கிவிடுவோர் உண்டு. துளையைப் பெரிதாகக் கடைந்து பொருத்துவோரும் உண்டு. சக்கரத்தின் கையையே சூடேற்றி வளைத்து, வெல்டிங் வைத்து அனுப்புவோரும் உளர். அந்தக் கை அடித்துச் செய்யப்பட்டு, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட எஃகு. மீண்டும் தீயில் காட்டினால் அதன் பதம் கெட்டுவிடும். மேலே வண்ணம் பூசிவிட்டால் எவருக்கும் தெரியாது. ஒரு பள்ளத்தில் சக்கரம் மோதும் நாளில் முறியும். பணத்தை மிச்சப்படுத்த வண்டியில் எத்தனையோ இடங்கள் உண்டு. ஸ்டியரிங் அவற்றுள் ஒன்றன்று என்பதே நம் துணிபு.

ஒவ்வாத முனை பைக்குத் திரும்பியது. ஏனையவற்றுள் இரண்டை மட்டும் மாட்டினார்கள். நட்டை இறுக்கும்போது ஸ்பிலிட் பின் போடவேண்டிய துளை நேருக்கு வரவில்லை. பையன் நட்டைச் சற்றே பின்னுக்குத் தளர்த்தப் போனான். பாய் அவன் கையைத் தட்டி, “முன்னாலே போ, பின்னாலே வராதே” என்றார். துளை ஒத்துவரும்வரை மேலும் இறுக்குவதே முறை. பின் போடுவதற்காகத் தளர்த்தினால் கூம்பின் பிடி போய்விடும்.

பெல் கிராங்க்குக்கு ஊசி பேரிங் கொண்ட முழுச் செட்டுகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கிடைக்கின்றன. பாய் அதற்குக் காத்திராமல், அம்பத்தூரில் தமக்குப் பழக்கமான லேத்தில் கன் மெட்டல் புஷ் கடையச் செய்து, புதிய அச்சாணியுடன் பொருத்தினார். கிரீஸ் தவறாமல் வைத்தால் இதுவே போதும் என்பது அவர் கட்சி. தூசியும் நீரும் புகும் இடத்தில் அவர் சொல்வது பொருத்தமாகவே நமக்குப் பட்டது. ஸ்டியரிங் பெட்டிக்கு மட்டும் கிரீஸ் கூடாதாம். கேம் அதைத் தள்ளிவிட்டால் கிரீஸ் மீண்டும் வழிந்து வராது. பெட்டிக்கு எண்ணெய்தான் வேண்டும். பெட்டியின் ஆட்டத்தைத் திருத்தும் திருகையும் சக்கரங்கள் நேராக நிற்கும்போதே இறுக்கவேண்டும். கேமின் நடுப்பகுதி நெருக்கமாகக் கடையப்பட்டிருப்பதால், ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் வந்து பிடித்துக்கொள்ளும்.

“பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாமா பாய்? அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுவது சுலபமாக இருக்குமே” என்று அன்பர் கேட்டார். புதிய வண்டியின் பெட்டியைப் பொருத்துவோர் இன்று பலர். அதற்குச் சட்டத்தில் வெல்டிங் வைத்துத் தாங்கி அமைக்கவேண்டும். என்ஜினில் பம்பு மாட்டவேண்டும். பெட்டியைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகும் வண்டியைக் கண்டு திகைத்தவர்களும் உண்டு என்று பாய் சிரித்தார். நடுக்கத்தை அடக்க விற்கும் டாம்பரையும் அவர் விரும்பவில்லை. காய்ச்சல் எதனால் என்று பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல, அது தேய்வை மறைத்துவிடும் என்றார்.

அன்பர் இணங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. சட்டம், உடல், என்ஜின் ஆகியன மாற்றப்படாமல் மூலவடிவில் இருத்தல் வேண்டும், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அவ்வண்டியை ஓட்டலாகாது. சட்டத்தை அறுத்து ஒட்டினால் இந்தப் பேறு கைநழுவும்.

ஸ்டியரிங்குக்கென்றே 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி உள்ளது. கைச்சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அது. பதினேழு அங்குல விட்டமுள்ள கைச்சக்கரத்தில் 30 பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய நாலரை அங்குலம். வீட்டில் எவ்வகை வண்டி வைத்திருப்போரும் இதனை ஒருமுறை அளந்து பார்க்கலாம். ஒரு சுண்ணக்கட்டியும் அளவுநாடாவும் போதும்.

மாலையில் சக்கரங்களின் நேர்த்தியைப் பார்த்தனர். டயரின் நடுவே சுண்ணக்கோடு கிழித்து, முன்புறத்தும் பின்புறத்தும் இடைவெளியை அளந்தார்கள். முன்புறம் சற்றே குறுகியிருக்க வேண்டும். போர்க்கால ஜீப்பின் கையேடு கூறும் அளவு, ஓர் அங்குலத்தில் 64-இல் மூன்று பங்கு முதல் 32-இல் மூன்று பங்கு வரை. அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரைக்குள். டை ராடின் ஒரு முனை வலமரையும் மறுமுனை இடமரையும் கொண்டிருப்பதால், தண்டை உருட்டியே இந்நுட்பத்தைக் கொணர்ந்துவிட்டார்கள்.

பின்னர் செம்பரம்பாக்கம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஏரிக்காற்று முகத்தில் அறைய, ஐம்பதைத் தாண்டி அறுபதிலும் வண்டி நேராகச் சென்றது; கைச்சக்கரத்தின் ஆட்டம் இரண்டு விரற்கடைக்குள் அடங்கியது. எண்பது அங்குலமே அச்சிடை கொண்ட குட்டி வண்டியாதலால் குலுக்கலுக்கு மட்டும் குறைவில்லை.

திரும்பி வந்ததும் பாய் மீண்டும் படுத்து, இடப்பக்கக் கிங் பின்னைத் தொட்டுப் பார்த்தார். ஷிம் ஒன்றை எடுத்துத் தற்சமயம் ஆட்டத்தைக் குறைத்திருந்தாலும், மேல் பேரிங்கின் தடத்தில் குழி விழுந்திருந்தது. புதுப்பேட்டையில் கிடைத்ததும் பழையதே, ஆகவே ஜி.பி. ரோட்டுக் கடையொன்றில் புதியதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது வந்து, மாட்டி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிலிட் பின்களை மறுமுறை பார்த்தபின்தான் மலை என்று பாய் திட்டமாகச் சொல்லிவிட்டார். “இத்தனை வருஷம் காத்திருந்தேன், இன்னும் ஒரு மாசம்தானே” என்றாராம் தாயார், தொலைபேசியில்.